கம்பவுண்டருக்கு எத்தனை உயிர்

காலை மாத்திரையைப் போட்டோமா இல்லையா என்று டப்பாவைத் திறந்து பார்க்கிற வயதுக்கு நாமெல்லாம் வந்துவிட்டோம். இனிமேலாவது பயத்தைப் பற்றி ஒளிக்காமல் பேசலாம். சின்ன வயதில் நமக்குப் பேய் பயம், கிணற்றுப் பயம், கணக்கு வாத்தியார் பயம் எல்லாம் இருந்தன. எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தன, நான் பிறவிக் கோழை. அவையெல்லாம் ஒவ்வொன்றாகக் கழன்றுவிட்டன. ஒன்று மட்டும் கழலவில்லை. எங்காவது பச்சை மரத்தில் கோடாலி விழுகிற சத்தம் கேட்டால், கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு, வீட்டு ஆட்கள் யார் யார் எங்கே இருக்கிறார்கள் என்று இன்றும் ஒரு தடவை நினைத்துப் பார்த்துக்கொள்வேன்.

கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலைக்குப் போகிற ரோட்டில் எங்கள் ஊர். இட ஒதுக்கீடு கேட்டு ரோட்டையெல்லாம் மறித்தார்களே, அந்த வருஷம். அந்த வாரத்தில் நீங்கள் கல்யாணத்துக்குப் போய் மாட்டியது, பஸ்ஸிலேயே படுத்துக் கிடந்தது என்று ஆளுக்கொரு கதை சொல்லிக் கேட்டிருக்கிறேன். நான் எங்கேயும் மாட்டவில்லை, வீட்டில்தான் இருந்தேன். மாட்டிக்கொண்டது அப்பா.

அப்பா மலைமேல் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். திங்கட்கிழமை பஸ் கூரையில் சைக்கிளைக் கட்டிக்கொண்டு மேலே போவார். சனிக்கிழமை சாயங்காலம் அதே சைக்கிளில் பிரேக்கைப் பிடித்துப் பிடித்து இறங்கி வருவார். சட்டையில் டிஞ்சர் வாசனை அடிக்கும். தோல் பையில் தேனோ கடுக்காயோ ஏதாவது இருக்கும். அந்த மறியலுக்கு முந்தின வாரம், அடிவாரத்தில் காய்ச்சல் தீர்ந்த ஒருவர் கொடுத்தார் என்று ஒரு சாக்கு மல்லாட்டை வந்திருந்தது. நிலக்கடலையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். மண் வாசனை போகாத புதுக்காய்.

மெட்ராஸில் படித்துக்கொண்டிருந்த அண்ணன், கலாட்டா வரும் என்று ஹாஸ்டலை மூடிவிட்டதால் வீட்டுக்கு வந்திருந்தான். அவன் கொண்டுவந்தது ஒரு மூட்டை அழுக்குத் துணியும் ஒரு விளையாட்டும். ஹாஸ்டலில் யாருக்கோ அமெரிக்காவிலிருந்து மாமா ஒரு புத்தகம் அனுப்பினாராம். அதைப் பார்த்து வட்டமாக உட்கார்ந்து விளையாடுவார்களாம். ஒருத்தர் கதை சொல்வார். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் வேட்டைக்காரனாகவோ வைத்தியனாகவோ திருடனாகவோ போவார்கள். "புதர் அசையுது, நீ இன்னா பண்ற?" என்று கதைக்காரன் கேட்பான். நீ சொன்னது பலிக்குமா என்று பகடை சொல்லும். அடிபட்டால் உயிர் குறையும். ஒவ்வொரு ஆளுக்கும் இத்தனை உயிர் என்று உண்டு. தீர்ந்தால் ஆள் காலி.

புத்தகமும் இல்லை, அண்ணன் சொன்ன பல முகப் பகடையும் இல்லை. எதிர் வீட்டுப் பெண் அவள் அம்மாவின் பித்தளைத் தாயக்கட்டையைப் பாவாடையில் சுருட்டிக்கொண்டு வந்தாள். அவளுக்கும் எனக்கும் ஒரே வகுப்பு. உயிருக்கு மல்லாட்டை என்று முடிவானது. ஆளுக்கொரு கொட்டாங்குச்சி, அதில் அவரவர் உயிர். அடிபட்டால் அத்தனை காய்களை எடுத்துக் கதைக்காரனிடம் கொடுத்துவிட வேண்டும். கதைக்காரன் அண்ணன். வாங்கியதை உடைத்து வாயில் போட்டுக்கொள்வான். அவனுக்குப் பசிக்கிற நேரத்தில் எங்கள் கதையில் கரடிகள் அதிகமாக வந்ததை நான் பிற்பாடுதான் யோசித்தேன்.

முதல் ஆட்டத்தில் ஆளுக்கு ஐந்து உயிர். மலை அடிவாரத்தில் ஒரு கரடி. தாயக்கட்டை இரண்டிலும் வெறும் பக்கம் விழுந்தால் பன்னிரண்டு என்பது உங்களுக்குத் தெரியும். கரடிக்கு முதல் உருட்டிலேயே பன்னிரண்டு விழுந்தது. தம்பிக்கு அப்போது ஆறு வயது. காலை மடக்கி ஒழுங்காக உட்காருவதற்குள் செத்துப்போனான். அவன் அழுத அழுகையில் அம்மா அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்துவிட்டாள்.

அடுத்த நாள் ஆளுக்கு முப்பது கொடுத்தான். அது வேறு கூத்து. யாருக்கும் எதுவும் ஒரு பொருட்டாக இல்லை. அருவி உச்சியிலிருந்து வேடிக்கைக்குக் குதித்தோம். கரடியைக் கண்டால் அதுதான் ஓட வேண்டியிருந்தது. தம்பி தன் உயிரை ஒவ்வொன்றாக உடைத்துத் தின்றுகொண்டே வந்து, மலை உச்சியில் யாரும் தொடாமலே செத்தான்.

அண்ணன் தாயக்கட்டையைக் கீழே வைத்துவிட்டான். "ஜாஸ்தியும் குடுக்கக் கூடாது, கம்மியும் குடுக்கக் கூடாது. பயமே இல்லன்னா நீங்க யோசிக்கவே மாட்டேங்கறீங்க. ரொம்பப் பயந்தா நகரவே மாட்டேங்கறீங்க."

"அப்ப பன்னெண்டு குடு," என்றாள் எதிர் வீட்டுப் பெண். "வெறும் பக்கம் ரெண்டும் வுழுந்தா சாவு வேணாம், மயக்கம் போட்டுடணும். கூட இருக்கறவங்க தூக்கிக்கினு போவணும். அப்பதான் கூட வர்றவன் இருக்கானான்னு திரும்பிப் பாப்போம்."

மெட்ராஸில் பத்துப் பேர் சேர்ந்து சண்டை போட்டும் தீராத விஷயம் இது என்றான் அண்ணன். அவளுக்கு அதெல்லாம் கேட்கவில்லை. தூங்கி எழுந்தால் இரண்டு உயிர் திரும்ப வரலாம், ஆனால் தூங்குகிற நேரத்தில் துரத்துகிறவன் கிட்டே வந்துவிட வேண்டும் என்று அடுத்ததைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் சொன்னபடியே ஆடினோம். அன்றைக்குத்தான் ஆட்டம் ஆட்டமாக இருந்தது. உள்ளங்கை வியர்க்க, ஒருத்தர் பாவாடையை ஒருத்தர் பிடித்துக்கொண்டு மலை ஏறினோம்.

அதற்கு மறுநாள் காலையில் கோடாலிச் சத்தம் ஆரம்பித்தது.

ஒரு மரம் என்றால் சத்தம் ஒரு பக்கம் கேட்கும். அன்றைக்கு எல்லாப் பக்கமும் கேட்டது. ரோட்டோரப் புளிய மரங்கள், நாங்கள் பிஞ்சு பொறுக்கித் தின்ற மரங்கள், ஒவ்வொன்றாக ரோட்டின் குறுக்கே சாய்ந்தன. பஸ் சத்தம் நின்றது. பச்சைப் புளிய மரத்தின் புளித்த வாசனை வீட்டுக்குள் வந்தது. ரேடியோ எங்கள் ஊரைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. எங்கோ குடிசைகள் எரிகின்றன என்றார்கள், எங்கே என்றால் யாருக்கும் தெரியவில்லை. போலீஸ் வண்டி வருகிறது என்றார்கள், அது யாரைப் பிடிக்க வருகிறது என்றும் தெரியவில்லை.

அந்தத் தெருவில் வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள், நாங்கள் ஒரே வீடு. போராட்டம் எங்களுடையது இல்லை. எதிர் வீட்டுக்காரருடையது. அவர் நல்ல மனிதர்தான். மழைக்காலத்தில் எங்கள் வீட்டு விறகையும் பிளந்து கொடுத்துவிட்டு, அம்மா நீட்டுகிற மோரை நின்றபடியே குடித்துவிட்டுப் போவார். அதே கோடாலியைத் தோளில் வைத்துக்கொண்டு அன்று காலை அவர் ஆட்களோடு தெருவில் போனபோது அம்மா கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். பட்டப்பகலில் எங்கள் வீடு தாழ் போட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான். அவர் போகிற போக்கில் எங்கள் வீட்டைத் திரும்பிப் பார்த்தார். பார்த்ததுதான் பயம் என்றாள் அம்மா. எதற்குப் பார்த்திருப்பார் என்று யோசிக்க அவளுக்கு அப்போது தோன்றவில்லை, எங்களுக்கும் தோன்றவில்லை.

சனிக்கிழமை வந்தது. அப்பா வரவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் வரவில்லை. அம்மா மாதா படத்துக்கு முன்னால் ஜெபமாலையை உருட்டிக்கொண்டே இருந்தாள். அரிசி குறைந்துகொண்டே வந்ததால் ஒரு வேளைக்கு மல்லாட்டை அவித்தாள். எங்கள் உயிர்களைத்தான் தின்கிறோம் என்று தம்பி சொன்னதற்கு அவனுக்கு அடி விழுந்தது.

திங்கட்கிழமை மத்தியானம் எதிர் வீட்டுப் பெண் பின்பக்கமாக வந்தாள். அம்மா உள்ளே விட்டாள். ஆட்டம் ஆரம்பிக்கும்போது தம்பி சொன்னான்: "மேல ஏற வேணாம். இன்னிக்கு அப்பாவ எறக்கலாம்."

கம்பவுண்டர் வேஷம் எனக்கு. என் கொட்டாங்குச்சியில் அண்ணன் ஆறு காய்களைப் போட்டான்.

"இன்னாத்துக்கு ஆறு? எல்லாருக்கும் பன்னெண்டு தானே?"

"வயசாயிடுச்சு. சண்ட தெரியாது. கண்ணாடி இல்லன்னா கண்ணு தெரியாது," என்றான் அண்ணன். "நெறைய குடுத்தா நீ பாத்து எறக்க மாட்ட."

ஆட்டத்தின் சட்டப்படி அவன் சொன்னது சரி. ஆனால் அது ஆட்டம் என்பதை நான் எப்போதோ மறந்திருந்தேன். இங்கே ஒரு காய் குறைந்தால் மலையில் எங்கோ அப்பாவுக்கு ஒன்று குறையும் என்று நிச்சயமாக நம்பினேன். தாயக்கட்டையை உருட்டவே கை வரவில்லை. பனிமூட்டத்தில் சைக்கிள் சறுக்கி ஒன்று போனது. ஓடையில் இரண்டு போனது. கரடியை வர விடாதே என்று அண்ணனைக் கண்ணாலேயே கெஞ்சினேன். அவனும் வர விடவில்லை. அவனும் பயந்துபோயிருந்தான் என்று இப்போது தெரிகிறது. பன்றி மட்டும் வந்தது, ஒன்றை எடுத்துக்கொண்டு போனது. அடிவாரத்துக்கு வந்தபோது கொட்டாங்குச்சியில் இரண்டு காய்கள் இருந்தன. எதிரே ரோட்டில் மரம்.

மரத்துக்குப் பக்கத்தில் நிற்கிறவர்களாக எதிர் வீட்டுப் பெண் பேச வேண்டும் என்றான் அண்ணன். அவள்தான் அவள் அப்பா பேசுவதைக் கேட்கிறவள்.

"பாலு வண்டிய வுடுவாங்க, பொணத்த வுடுவாங்க, புள்ளத்தாச்சிய வுடுவாங்க," என்றாள். "கம்பவுண்டரு இதுல எதுன்னு தெரியாது. எங்க ஆளுங்கன்னா நைனா சொன்னா கேப்பாங்க. தெரியாத ஆளு நின்னா அடிச்சாலும் அடிச்சுடுவாங்க." பிறகு என் கொட்டாங்குச்சியை எட்டிப் பார்த்துவிட்டு, பெரியவர்கள் மாதிரி தலையை ஆட்டினாள். "ரெண்டு உயிருதான் இருக்குது கம்பவுண்டருக்கு. இப்ப தனியா வந்தா செத்துடுவாரு."

அம்மா அந்த நேரம் பார்த்துத்தான் கூடத்துக்கு வந்தாள்.

அம்மாவை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினாள். "உங்க ஆளுங்க வெளிய மரத்த வெட்டறது போதாதுன்னு நீ என் வூட்டுக்குள்ள உக்காந்துகினு இதச் சொல்றியா? கரிநாக்கு. சொன்னா பலிச்சுடும்டி, சொன்னா பலிச்சுடும். வாயத் தொறக்காத. போ."

அண்ணன் ஏதோ சொல்ல வந்தான், அம்மா கேட்கவில்லை. அந்தப் பெண் அழவில்லை. தாயக்கட்டையைக்கூட எடுக்காமல் தெருவைத் தாண்டி ஓடினாள். அம்மா கொட்டாங்குச்சிகளில் இருந்ததையெல்லாம் ஒரே பாத்திரத்தில் கொட்டி அடுப்பில் ஏற்றினாள். சாயங்காலம் அதுதான் சாப்பாடு. அப்பாவின் இரண்டு காய்களும் அதற்குள்தான் எங்கோ கிடந்தன. எது என்று தெரியாமல் ஒவ்வொன்றையும் மெதுவாக மென்றேன். துப்பவும் பயம், விழுங்கவும் பயம்.

மறுநாள் விடியற்காலையிலேயே எதிர் வீட்டுக்காரர் கோடாலியோடு கிளம்பிவிட்டார். மற்ற ஆட்கள் கள்ளக்குறிச்சிப் பக்கம் போனார்கள். அவர் மட்டும் மலைப் பக்கம் போனார். ஜன்னல் இடுக்கு வழியாக அதைப் பார்த்த அம்மா ஜெபமாலையை எடுத்துக்கொண்டாள். அன்று முழுக்க அவர் திரும்பி வரவில்லை.

அதற்கு அடுத்த நாள் மத்தியானம் தெருக்கோடியில் கூட்டம் வருகிற சத்தம் கேட்டது. கோஷம் இல்லாத கூட்டம், காலடிச் சத்தம் மட்டும். அம்மா கதவைக் கொஞ்சம் திறந்தாள். நீள மூங்கிலில் போர்வையைக் கட்டி நான்கு பேர் தோளில் தூக்கி வந்தார்கள். மலையில் நோயாளிகளை அப்படித்தான் டோலி கட்டி இறக்குவார்கள், அப்பா சொல்லியிருக்கிறார். போர்வைக்குள் ஆள் இருந்தது தெரிந்தது. போர்வையின் அடிப்பக்கம் கறுப்பாக நனைந்திருந்தது. மூங்கில் நுனியில் அப்பாவின் தோல் பை தொங்கியது.

அம்மா போட்ட சத்தத்தை எழுத எனக்கு வரவில்லை. அண்ணன் அவளைப் பிடித்துக்கொண்டான். அப்பாவின் இரண்டு உயிரையும் நான்தான் தின்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

"தே, நான் இங்க இருக்கறேன்," என்றது அப்பாவின் குரல்.

மூங்கிலின் பின்முனையைத் தூக்கி வந்தவர்களில் ஒருவராக அப்பா இருந்தார். கண்ணாடி இல்லை. சட்டை இல்லை, அது கிழிந்து போர்வைக்குள் கட்டாகப் போயிருந்தது. சைக்கிளும் இல்லை, அதை நாங்கள் பிறகு பார்க்கவே இல்லை. தம்பி ஓடிப்போய் அவர் காலைக் கட்டிக்கொண்டான். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. உலகத்திலேயே சந்தோஷமான ஆள் நான்தான் என்று, வெட்கமில்லாமல் சொல்கிறேன், அந்த நிமிஷம் நினைத்தேன்.

அதற்குப் பிறகுதான் டோலி யாருடையது என்று பார்த்தேன். எதிர் வீட்டுக்காரர். முகம் சாம்பல் பூத்திருந்தது.

எதிர் வீட்டுக் கதவு திறந்தது. அவர் மனைவி தலைமயிர் கலைய ஓடிவந்தார். பின்னால் அந்தப் பெண் வந்து வாசலோடு நின்றுவிட்டாள். இரண்டு உள்ளங்கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். அழுகையை அடக்குகிறாள் என்றுதான் தெருவே நினைத்தது. கூட்டம் நிற்கவில்லை. கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், வழியெல்லாம் அவர்களே சாய்த்த மரங்கள். அப்பா தண்ணீர் மட்டும் வாங்கிக் குடித்துவிட்டு அவர்களோடு போனார். அந்தப் பெண்ணின் அம்மாவும் போனார்.

உங்களைத் தவிக்க விட எனக்கு விருப்பமில்லை, அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன். அவர் பிழைத்தார். இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. கோடாலி பிடித்த கை அதற்குப் பிறகு ஆடுகளைத்தான் ஓட்டியது.

இருட்டுவதற்கு முன் அப்பா திரும்பினார். அம்மா இருந்த அரிசியைப் போட்டுக் கஞ்சி வைத்தாள். அப்பா சாப்பிட்டுக்கொண்டே நடந்ததைச் சொன்னார். கீழே ரோட்டை மறித்திருப்பது தெரிந்து மேலேயே தங்கிவிட்டு, அன்று காலைதான் இறங்கியிருக்கிறார்.

அடிவாரத்தில் குறுக்கே ஒரு பெரிய புளிய மரம். அங்கே வேறு யாருமில்லை, எதிர் வீட்டுக்காரர் மட்டும் உட்கார்ந்திருந்தார். முந்தின நாள் காலையிலிருந்து அங்கேயே இருக்கிறேன் என்றாராம். அப்பாவைப் பார்த்ததும் எழுந்து, "கொஞ்சம் இருங்க கம்பவுண்டரே, ஒரு கெளைய கழிச்சு வுட்டா சைக்கிளு நேரா போவும்," என்றிருக்கிறார். சைக்கிளைத் தூக்கி மறுபக்கம் வைத்துவிடலாம் என்று அப்பா சொன்னதற்கு, "மரம் வழுக்கும், நீங்க வுழுந்துடுவீங்க," என்று பிடிவாதமாக மறுத்துவிட்டாராம். அவர் வெட்டியது எந்தக் கிளை தெரியுமா? விழுந்த மரத்தின் பாரத்தையெல்லாம் தாங்கி நின்ற கிளை. அது போனதும் அடிமரம் அப்படியே புரண்டு அவர் காலின் மேல் வந்துவிட்டது. நின்ற மரத்தை வெட்டிப் பழகிய கைக்கு, விழுந்த மரம் எப்படிப் புரளும் என்று தெரிந்திருக்கவில்லை.

"ஆளுங்க வர்ற வரைக்கும் நான் அவர் தலைய மடியில வெச்சுகினு இருந்தேன்," என்றார் அப்பா. "வலியில என்னென்னமோ ஒளறிக்கினே இருந்தாரு. எம் பொண்ணு ரவைக்கெல்லாம் தூங்காம ஒரே அழுகை, கம்பவுண்டருக்கு ரெண்டு உயிருதான் பாக்கி இருக்குதாம், 'நான் வாய் வுட்டுச் சொல்லிட்டேன், பலிச்சுடும், நீ போயி மலயடியில உக்காந்துக்கோ நைனா, அவரப் பத்தரமா வூட்டுல வுட்டுட்டு வா'ன்னு சொல்லிச்சு, அதான் வந்தேன்னாரு. எனக்கு இன்னாம்மா ரெண்டு உயிரு? ஒண்ணுமே புரியல."

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான். தம்பி சொல்லப்போனான், நான் அவன் தொடையைக் கிள்ளினேன். அம்மா கஞ்சி ஊற்றுவதை நிறுத்திவிட்டு அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு, கையைக்கூடக் கழுவாமல், தாழைத் திறந்து வெளியே போனாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

எதிர் வீட்டுப் பெண் படியில் தனியாக உட்கார்ந்திருந்தாள். பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுத்தான் அவள் அம்மா போயிருந்தார். அவள் அங்கே போகவில்லை போலிருக்கிறது. எங்கள் அம்மா தெருவைத் தாண்டி வருவதைப் பார்த்ததும் விருட்டென்று எழுந்து சுவரோடு ஒட்டி நின்றாள். கையை வாயிலிருந்து எடுத்தது எங்களைப் பார்த்த பிறகுதான்.

"நான் ஒண்ணுமே சொல்லலிங்க, கம்பவுண்டரம்மா," என்றாள். "நைனாவப் பத்தி இன்னிக்கு வாயே தொறக்கலிங்க."

அம்மா அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.